மழையில் தொங்கிய கம்பளி

'லெட்சுமி கொடி' பாடத்தை உங்களுக்கு நடத்திவிட்டார்களா? இன்னும் இல்லையென்றால் இதைப் படித்துவிட்டு வகுப்புக்குப் போங்கள். நடத்திவிட்டார்கள் என்றால், நீங்கள் அப்போது சிரித்தீர்களா என்று நான் கேட்கப்போவதில்லை. எல்லாரும் சிரிக்க வேண்டும் என்பதற்காகவே செய்த கதை அது.

ரயில் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு என் பணி அனுபவங்களை எழுதித் தரும்படி உங்கள் சங்கத்துப் பிள்ளைகள் கேட்டார்கள். ஓய்வுபெற்ற மனிதன், நாலு நல்ல வார்த்தை எழுதுவான் என்று நினைத்திருப்பார்கள். நல்ல வார்த்தை இப்போதைக்குக் கைவசம் இல்லை. கோபம் இருக்கிறது. டாக்டர் பிரஷர் மாத்திரையைக் கூட்டிக் கொடுத்திருக்கிறார். அதை விழுங்கிவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் வகுப்பில் சொல்கிற கதை. மலைப்பாதையில் ஒரு சின்ன ஸ்டேஷன். பெயரைச் சொல்ல மாட்டேன். இப்போது அங்கே வேலை செய்கிற பிள்ளைகள் நல்லவர்கள், அவர்களுக்கும் அந்தப் பழைய விபத்துக்கும் சம்பந்தமில்லை. நான் வேலைக்குச் சேர்வதற்குச் சில வருடங்கள் முன்னால், ஒரு முற்பகலில், பதுளைப் பக்கமிருந்து வந்த கூட்ஸ் ரயில் ஒன்று அந்த ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் வந்த பயணிகள் ரயில் ஸ்டேஷனுக்கு வெளியே சிக்னலில் நின்றிருக்க வேண்டும். சிக்னல் கை நேராக நீட்டிக்கொண்டிருந்தால் நில், இறங்கியிருந்தால் வா. கை இறங்கியிருந்தது. டிரைவர் உள்ளே வந்து கூட்ஸின் கடைசிப் பெட்டியில் மோதினார். அந்தப் பெட்டியில் இருந்த கார்ட் செத்துப்போனார்.

கை ஏன் இறங்கியிருந்தது? ஸ்டேஷனில் லிவரை இழுத்தால் தண்டவாளத்து ஓரமாக ஓடும் கம்பி இழுபட்டு, தூரத்தில் இருக்கும் கை இறங்கும். ஆனால் லிவர் சரியான இடத்தில்தான் இருந்தது. அப்படியென்றால் கம்பியை வேறு ஏதோ இழுத்திருக்கிறது. கம்பி ஓடும் வழியில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயம், தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள். அந்த லயத்தில் லெட்சுமி என்று ஒரு பெண். சிக்னல் கம்பியைத் துணி காயப்போடும் கொடியாக நினைத்து ஈரத்துணியைப் போட்டுவிட்டாள். பாரத்தில் கம்பி இழுபட்டது, கை இறங்கியது, ஒரு மனிதர் செத்தார். போதனாசிரியர் ஈரத்துணியைப் பிழிந்து, உதறி, கம்பியில் போடுவதுபோல் இடுப்பை ஒடித்து நடித்துக் காட்டுவார். வகுப்பு சிரிக்கும். அன்றிலிருந்து கம்பியில் எது சிக்கினாலும் நம் ஆட்களுக்கு அது 'லெட்சுமி கொடி'.

நான் ஸ்பிரிங்வெளித் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். அப்பா தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலக்குகிறவர். தோட்டத்து ஆட்கள் பலருக்கும் அப்போது இல்லாத பிரஜாவுரிமை எங்கள் வீட்டுக்கு இருந்ததால் எனக்கு அரசாங்க வேலை கிடைத்தது, விசாரணைப் பிரிவில் குமாஸ்தாவாக. சேர்ந்த புதிதில் நானும் அந்த வகுப்பில் உட்கார்ந்தேன். நான் சிரிக்கவில்லை. கையைத் தூக்கி, "அந்தப் பெண்ணிடம் விசாரித்தார்களா சார்?" என்று கேட்டேன். போதனாசிரியர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏன், உன் சொந்தக்காரியா?" என்றார். அதற்கு முதல் சிரிப்பைவிடப் பெரிய சிரிப்பு. அந்தச் சிரிப்பு எத்தனையோ வருடம் என் காதுக்குள் கிடந்தது. கோப்பைக் கேட்டுப் பார்க்கும் அதிகாரம் ஒரு குமாஸ்தாவுக்குக் கிடையாது.

விசாரணைப் பிரிவில் எனக்கு மேலே ஒரு யாழ்ப்பாணத்து ஐயா இருந்தார். பெரிய குமாஸ்தா. அவருடைய வாயிலிருந்து நல்ல வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. ஒரு நாள் நான் ஒரு விபத்து அறிக்கையைக் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றவர் என் கையிலிருந்த கோப்பைப் பிடுங்கி மேசையில் போட்டார்.

"தம்பி, உமக்கு ஆர் சொன்னது முடிவை முதல் வாசிக்கச் சொல்லி? அதை வாசிச்சிட்டு மிச்சத்தை வாசிச்சால் எல்லாம் அதுக்கேத்த மாதிரித்தான் தெரியும். முதல் சனம் என்ன சொன்னதெண்டு பாரும். பிறகு ஐயாமார் என்ன சொன்னதெண்டு பாரும்."

சொல்லிவிட்டு, கோப்பு மேசையில் விழுந்த வேகத்தில் சிந்திய என் தேத்தண்ணியை என்னையே துடைக்கச் சொன்னார். அவரிடம் எனக்குப் பிரியம் எதுவும் இல்லை. ஆனால் அன்று சொன்னதை நான் ஒருநாளும் மீறவில்லை. நீங்களும் மீறாதீர்கள்.

ஓய்வுபெற்று, பதுளையில் வீட்டோடு இருந்து தக்காளிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். பெயர் பவானி. ஸ்டேஷன் மாஸ்டர் வேலைக்குத் தெரிவாகிப் பயிற்சியில் இருப்பவள். பூனாகலைத் தோட்டத்துப் பிள்ளை. கையில் குற்றப்பத்திரம். வகுப்பில் ஒழுங்கீனமாக நடந்தாள், போதனாசிரியரைப் பொய்யர் என்றாள் என்று எழுதியிருந்தது. தகுதிகாண் காலத்தில் இருப்பவளுக்கு இது நிரூபணமானால் வேலை போய்விடும். விசாரணையில் அவளுக்காகப் பேச ஓய்வுபெற்ற உத்தியோகத்தர் ஒருவர் நிற்கலாம் என்று விதி இருக்கிறது. சங்கத்தில் என் பெயரைச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"என்ன நடந்தது?" என்று கேட்டேன்.

"லெட்சுமி கொடின்னு ஒரு பாடம் சார். எல்லாரும் சிரிச்சாங்க. நான் எந்திரிச்சு, 'அந்தம்மாகிட்ட விசாரிச்சீங்களா சார்'னு கேட்டேன். 'ஏன், ஒன் சொந்தக்காரியா'ன்னாரு."

 வேறு போதனாசிரியர், வேறு காலம். நக்கல் மட்டும் அதேதான்! அதையும் கோப்பில் போட்டுக் கைமாற்றிக் கொடுக்கிறார்கள் போல.

"நீ என்ன சொன்னாய்?"

"ஆமா சார், எங்கம்மான்னு சொன்னேன். யாருமே நம்பல. இன்னும் சிரிச்சாங்க. அப்பதான் நீங்க சொல்றது பொய்னு கத்திட்டேன்."

பவானிக்கு அந்தக் கதை அதற்கு முன் தெரியாது. அம்மா பெயர் லெட்சுமி என்பதும், கல்யாணமான புதிதில் ஏதோ ஒரு ரயில் விவகாரத்தில் அந்தத் தோட்டத்திலிருந்து துரத்தப்பட்டுப் பூனாகலைக்கு வந்தார்கள் என்பதும் தெரியும். அவளுடைய அம்மா ரயிலில் ஏறவே மாட்டார். பதுளைக்குப் போனாலும் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் பஸ்தான். மகளுக்கு ரயிலில் வேலை கிடைத்தபோது அவர் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லையாம். போதனாசிரியர் தோட்டத்தின் பெயரையும் அம்மாவின் பெயரையும் சேர்த்துச் சொன்னபோதுதான் இவளுக்கு எல்லாம் பிடிபட்டிருக்கிறது.

அவளுக்காக நிற்கிறேன் என்றேன். அடுத்த நாளே பழைய விபத்துக் கோப்பைக் கேட்டு எழுதிக் கொடுத்தேன். அவளுக்காக நிற்பவன் என்பதால் இப்போது எனக்குக் கேட்கும் உரிமை இருந்தது. கறையான் தின்றுவிட்டது என்று பதில் வந்தது. கறையான்மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் நம் ரயில்வே திணைக்களத்துக் கறையான் பெரியவர்களுக்கு வேண்டாத கோப்பாகப் பார்த்துத் தேடித் தின்கிறது, அதுதான் அதிசயம். தின்ற மிச்சத்தையாவது காட்டுங்கள் என்று நேரில் போய் நின்றேன். பழைய கோப்புகள் கிடக்கும் அறைக்குப் பொறுப்பாக இருந்தது ஒரு சிங்களப் பிள்ளை. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, என்னோடு சேர்ந்து தூசியில் புரண்டு தேடினாள். கிடைத்தது. ஓரங்களில் மட்டும்தான் அரித்திருந்தது.

முடிவுப் பக்கங்களை ஒரு ரப்பர் பட்டியால் கட்டி வைத்துவிட்டு வாக்குமூலங்களைப் படித்தேன். காலையிலிருந்து விடாத மழை, பனிமூட்டம், கை இறங்கியிருந்தது என்கிறார் டிரைவர். கூட்ஸை உள்ளே எடுப்பதற்காகச் சிக்னலை இறக்கினேன், எடுத்த பிறகு லிவரைத் திரும்பப் போட்டேன் என்கிறார் ஸ்டேஷன் மாஸ்டர். அடுத்தது தண்டவாளம் மாற்றிவிடும் பொயின்ட்ஸ்மன். மோதல் நடந்ததும் அவரைச் சிக்னலைப் பார்க்க ஓடச் சொல்லியிருக்கிறார்கள். வழியில் மேட்டு மண் சரிந்து கம்பியை அமுக்கிக்கொண்டு கிடந்ததாம். மண்வெட்டியால் மண்ணை ஒதுக்கினாராம், கம்பி விடுபட்டுத் தூரத்தில் கை தடாலென்று மேலே போனதாம்.

விஷயம் அவ்வளவுதான். கூட்ஸுக்காக இறங்கிய கை மேலே போகவில்லை, மண் கம்பியைப் பிடித்துக்கொண்டது. மேட்டில் மழைத்தண்ணீர் ஓடும் கானை அடைத்துக்கொண்டிருக்கிறது, மழைக்கு மண் இறங்கும், ஆள் அனுப்புங்கள் என்று அந்த ஸ்டேஷனிலிருந்து முன்பே எழுதிய கடிதங்களும் கோப்பிலேயே இருந்தன. யாரும் ஆள் அனுப்பவில்லை. எந்த வாக்குமூலத்திலும் துணி இல்லை, கொடி இல்லை, லெட்சுமி இல்லை.

பிறகு ரப்பர் பட்டியைக் கழற்றினேன். விபத்துக்கு மறுநாள் காலை விசாரணைக் குழுவினர் இடத்தைப் பார்வையிட்டார்கள். லயத்துக்குக் கீழே சிக்னல் கம்பியில் ஈரமான கம்பளி ஒன்று தொங்கியது. அது லெட்சுமி என்ற கொழுந்து எடுக்கும் பெண்ணுடையது. ஆகவே விபத்துக்குக் காரணம் அதுவே. மண் எங்கே போனது? அடைத்த கானை எங்கே போனது? கீழே கையெழுத்துகளைப் பார்த்தேன். கானையை வெட்ட ஆள் அனுப்பியிருக்க வேண்டிய அதிகாரியும் அந்தக் குழுவில் ஒருவர். தன் கழுத்தில் விழ வேண்டிய கயிற்றை எடுத்து ஒரு கொழுந்துக்காரியின் கழுத்தில் போட்டுவிட்டு, அழகாகக் கையெழுத்தும் வைத்திருக்கிறார். அந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் வாய்விட்டுத் திட்டினேன். எதையாவது தூக்கி எறிய வேண்டும் போலிருந்தது. அந்தச் சிங்களப் பிள்ளை பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

கம்பளி என்றால் என்னவென்று உங்களில் பலருக்குத் தெரியாது. இப்போது பிளாஸ்டிக் சீட் போட்டுக்கொள்கிறார்கள். அந்தக் காலத்தில் மழை பெய்தால் கொழுந்து எடுக்கும் பெண்கள் தலையிலிருந்து முதுகு வரை கம்பளியைத்தான் போர்த்திக்கொள்வார்கள். விபத்து நடந்தது வேலை நேரத்தில், கொட்டும் மழையில். அந்த நேரத்தில் கம்பளி அவள் தலையில் இருந்திருக்குமா, கம்பியில் இருந்திருக்குமா? மழை பெய்யும்போது குடையை மடித்துக் காயவைக்கிறவர்கள் உண்டா? மழைக்காலத்தில் லயத்துத் துணியெல்லாம் அடுப்புக்கு மேலேதான் காயும். நான் அந்தப் புகை நாற்றத்தோடு பள்ளிக்கூடம் போனவன். குழுவில் இருந்தவர்கள் தோட்டங்களைச் சுற்றி வாழ்ந்தவர்கள். அவர்களுக்கும் இது தெரியும். தெரிந்தே எழுதினார்கள், அதுதான் என்னால் தாங்க முடியாதது.

ஆனாலும் ஒரு கேள்வி மிச்சமிருந்தது. மறுநாள் காலை கம்பளி அங்கே தொங்கியது உண்மை. விசாரணையில் எதிர்ப்பக்கம் அதைத்தான் பிடித்துக்கொள்ளும். நமக்குப் பாதகமான கேள்வியை முதலில் நாமே கேட்டுவிட வேண்டும், கோபத்தில் அதை மறந்தால் தோற்றுப்போவோம். பதில் தெரிந்தவர் ஒருவர்தான். பண்டாரவளையிலிருந்து பஸ் பிடித்துப் பூனாகலைக்குப் போனேன்.

லெட்சுமியம்மா பாலில்லாத பிளேன்டி கொடுத்தார். நான் உட்கார்ந்த பிறகும் அவர் உட்காரவில்லை.

"புள்ளைக்கு வேல போயிருமாங்க? அத மட்டும் சொல்லுங்க" என்றார்.

"போகலாம்" என்றேன். பொய் சொல்லி என்ன பயன்?

"அப்ப மன்னிப்பு எழுதிக் குடுத்துரச் சொல்லுங்க சார். நான் அந்தப் பேரோட இத்தன வருசம் இருந்துட்டேன். செத்தா போயிட்டேன்?"

பவானி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "நீங்க இருந்துட்டீங்கம்மா. அந்த வகுப்புல ஒக்காந்து கேட்டது நான்ல."

"கேட்டா என்னா? காது என்னா அறுந்தா போச்சு? பெரிய பேச்சு பேசாத புள்ள!"

நான் குறுக்கே புகுந்து, "அம்மா, ஒன்றே ஒன்று சொல்லுங்கள். உங்கள் கம்பளி கம்பிக்கு எப்படி வந்தது?" என்று கேட்டேன்.

அவர் என்னை முறைத்துப் பார்த்தார். "இத இத்தன வருசத்துல ஒருத்தரும் கேக்கலீங்க" என்றார். பிறகுதான் உட்கார்ந்தார்.

"மலையில கொழுந்து எடுத்துக்கிட்டு நின்னோம். டமார்னு சத்தம். கூடைய எறிஞ்சிட்டு ஓடினோம். கடசிப் பொட்டி நசுங்கிக் கெடந்துச்சு. உள்ள ஒரு மனுசன். வெளிய இழுத்தா தூக்கிட்டுப் போக ஒன்னுமில்ல. நான் கம்பளியக் கழட்டி விரிச்சேன். அதுல போட்டு நாலு பொம்பளைங்க நாலு மூலையப் புடிச்சு ரோட்டுக்குத் தூக்கிட்டுப் போனோம், தோட்டத்து லொறிக்கு. அவரு சிங்களத்துல தண்ணி தண்ணின்னு கேட்டாரு. மழத் தண்ணியக் கையில ஏந்தி ஊத்துனேன். லொறியிலயே போயிட்டாருன்னு பொறகு சொன்னாங்க."

"கம்பளி?"

"திரும்பக் குடுத்துட்டாங்க. பூராவும் ரத்தம். சின்னப் புள்ளைங்க இருக்குற லயத்துக்குள்ள அதக் கொண்டு போக எனக்கு மனசு வரல. மழ கழுவட்டும்னு அந்தக் கம்பியில போட்டேன். அவ்வளவுதாங்க நான் செஞ்சது."

மறுநாள் பெரியவர்கள் வந்து அதைத்தான் பார்த்திருக்கிறார்கள். அதற்கு அடுத்து திணைக்களத்திலிருந்து தோட்டத்துக்கு ஒரு கடிதம். தோட்டத்துத் துரை லெட்சுமியம்மாவைக் கூப்பிட்டுக் கத்திவிட்டு வேலைப் பதிவிலிருந்து பெயரை வெட்டினார். தண்டவாளத்து ஓரத்து லயத்தையே காலி செய்தார்கள். கோர்ட்டுக்கு மட்டும் போகவில்லை. கோர்ட்டுக்குப் போனால் சாட்சி கேட்பார்களே! லெட்சுமியம்மாவுக்கு அப்போது பிரஜாவுரிமை கிடையாது. எந்த வாசலில் போய் நிற்பார்? சாகக் கிடந்த ரயில்வேக்காரரைத் தன் கம்பளியில் சுமந்தவரைத்தான் நாம் வகுப்புக்கு வகுப்பு நடித்துக் காட்டிச் சிரித்துக்கொண்டிருக்கிறோம்.

விசாரணை பதுளையில் நடந்தது. விசாரணை அதிகாரி ஓய்வுபெற்ற பெரிய மனிதர். எதையும் சுமுகமாக முடிப்பவர் என்று பெயர் எடுத்தவர். சுமுகம் என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு இன்றைக்கும் பிரஷர் ஏறும். ஆரம்பிக்கும் முன்பே என்னை வெளியே கூட்டிப் போய்த் தோளில் கைபோட்டார். "இரண்டு வரி மன்னிப்பு எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். இன்றைக்கே மூடிவிடலாம். பழைய கதையெல்லாம் எதற்கு? பெண்ணின் எதிர்காலத்தைப் பாருங்கள்" என்றார் சிங்களத்தில்.

இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். என் பையில் கோப்பின் பிரதி இருந்தது. என் நெஞ்சில் இளவயதில் கேட்ட அந்தச் சிரிப்பு இருந்தது. முடியாது என்று சொல்லிவிட்டு உள்ளே போய் எல்லாரையும் கிழித்துப்போட வாய் துடித்தது. ஆனால் தோற்றால் எனக்கு என்ன போகும்? தக்காளிச் செடி எனக்காகக் காத்திருக்கும். வேலை போகப்போவது அவளுக்கு. இன்னொருவருடைய சோற்றைப் பந்தயம் வைத்து நம் கோபத்தைத் தீர்த்துக்கொள்ள நமக்கு உரிமை கிடையாது. பல்லைக் கடித்துக்கொண்டு போய்ப் பவானியிடமும் சாட்சிக்கு வந்திருந்த அவள் அம்மாவிடமும் அப்படியே சொன்னேன். கையெழுத்துப் போட்டால் வேலை நிச்சயம், போடாவிட்டால் நிச்சயமில்லை, முடிவு உங்களுடையது என்றேன்.

"எழுது" என்றார் லெட்சுமியம்மா.

பவானி அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பேனாவை எடுத்தாள். நான் கோப்பின் பிரதியைப் பைக்குள் தள்ளி மூடினேன். 

சாட்சியாக வந்த லெட்சுமியம்மா வெளியேதான் இருந்திருக்க வேண்டும். மன்னிப்போடு முடியப்போகிறது என்பதால் அவரையும் உள்ளே ஒரு மூலையில் உட்காரவிட்டார்கள். யாரென்று யாரும் கேட்கவில்லை. பவானி எழுதிக்கொண்டிருந்தாள். அதற்குள் பதிவுக்காக, அன்று வகுப்பில் நடந்ததைச் சொல்லும்படி போதனாசிரியரைக் கேட்டார் அதிகாரி. அந்த மனிதர் எழுந்து பாடத்தைச் சொல்ல ஆரம்பித்தார். சொல்லச் சொல்லப் பழக்கதோஷம் வந்துவிட்டது. ஈரத்துணியைப் பிழிந்து, உதறி, இடுப்பை ஒடித்துக் கம்பியில் போட்டுக் காட்டினார். எழுதிக்கொண்டிருந்த கிளார்க் சிரித்தார். அதிகாரியின் வாயோரமும் கொஞ்சம் அசைந்தது.

லெட்சுமியம்மா எழுந்து வந்தார். மகள் எழுதிக்கொண்டிருந்த தாளை எடுத்து நாலாக மடித்துத் தன் கைப்பையில் போட்டார்.

"எழுதாத புள்ள" என்றார். பிறகு போதனாசிரியரிடம் திரும்பினார். "அப்புடிப் போடலீங்க. புழிஞ்சு போடல. புழிஞ்சா ரத்தம்தாங்க வரும்."

யார் இவர் என்று அதிகாரி கேட்டார். நான் எழுந்தேன். "இவர்தான் லெட்சுமி" என்றேன்.  போதனாசிரியரின் கை இன்னும் அந்தக் கம்பியில் துணி போட்டபடியே நின்றது.

இது இன்றைய விசாரணைக்குச் சம்பந்தமில்லை என்று ஆரம்பித்தார் அதிகாரி. அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. மேசையைத் தட்டினேன், மறைக்கவில்லை. "பொய் என்று சொன்னதுதானே இந்தப் பெண்மேல் குற்றம்? அது பொய்யா இல்லையா என்பது சம்பந்தமில்லையென்றால் வேறு எது சம்பந்தம்? இவரிடம் அன்றைக்கு யாரும் வாக்குமூலம் எடுக்கவில்லை. நீங்களும் எடுக்காவிட்டால், மறுத்தேன் என்று எழுதி எனக்குக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள்" என்றேன். கையெழுத்து என்றதும் பெரிய மனிதர்கள் எல்லாரும் கொஞ்சம் நிதானிப்பார்கள். இதை நீங்கள் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

லெட்சுமியம்மா தமிழில் சொன்னார். நான் வரிவரியாகச் சிங்களத்தில் சொன்னேன். அந்தக் கார்ட் தண்ணீர் கேட்ட இடம் வந்தபோது அவர் கேட்ட அதே சொல்லைச் சொன்னேன், 'வத்துர'. கிளார்க் எழுதுவதை நிறுத்திவிட்டார். எழுதுங்கள் என்றேன். எழுதினார். பிறகு போதனாசிரியரிடம் நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன், இந்தக் கோப்பை நீங்கள் படித்திருக்கிறீர்களா என்று. இல்லை, எனக்குச் சொல்லித் தந்ததைத்தான் நான் சொல்லித் தருகிறேன் என்றார். அவர் கெட்ட மனிதர் அல்ல. அதுதான் இன்னும் எரிச்சல். கெட்ட மனிதராயிருந்தால் திட்டிவிட்டாவது போயிருக்கலாம்.

சில வாரங்களில் கடிதம் வந்தது. குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை, பவானியின் பயிற்சி தொடரும். அவ்வளவுதான். பழைய அறிக்கையைத் திருத்துவது பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் எழுதினேன். கவனத்தில் எடுக்கப்பட்டது என்று பதில். மறுபடி எழுதினேன், மறுபடி கவனத்தில் எடுத்தார்கள். லெட்சுமியம்மாவின் வாக்குமூலம் பவானியின் ஒழுக்காற்றுக் கோப்பில் கிடக்கிறது. விபத்துக் கோப்பில் அதைச் சேர்க்க வழியில்லையாம், விசாரணை முடிந்துவிட்டதாம். செத்த கார்டின் குடும்பம் எங்கோ இருக்கும். தங்கள் மனிதருக்குக் கடைசித் தண்ணீர் ஊற்றியது யாரென்று அவர்களுக்கும் யாரும் சொல்லவில்லை.

பவானி இப்போது ஒரு ஸ்டேஷனில் வேலை செய்கிறாள். மழைக்காலம் தொடங்கும் முன் கானையெல்லாம் வெட்டியாயிற்றா என்று தானே நடந்துபோய்ப் பார்க்கிறாள் என்று கேள்வி. போன மாதம் போன் செய்தாள்.

"சார், புது பேட்ச்சுக்கு அந்தப் பாடத்த மாத்திட்டாங்களாம்."

எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. "என்ன மாற்றினார்கள்?" என்றேன்.

"அம்மா பேர எடுத்துட்டாங்க. துணியும் இல்ல. இப்ப கம்பியில ஒரு ஆடு மாட்டிக்கிச்சாம் சார். லயத்து ஆடாம். ஆடு இழுத்துத்தான் கை எறங்குச்சாம். பாடம் நடத்துற சார் ஆடு மாதிரியே கத்திக் காட்டுறாராம். எல்லாரும் சிரிக்கிறாங்களாம்."

  மண் சரிந்தது என்று சொல்ல அவர்களுக்கு இன்னும் வாய் வரவில்லை! அந்தப் பக்கத்தில் லெட்சுமியம்மாவின் குரல் கேட்டது. மகளின் கையிலிருந்து போனை வாங்கியிருக்க வேண்டும்.

"சார், ஆட்டுக்காரி பேரு என்னான்னு கேட்டுச் சொல்லுங்க. அவளையும் நான் போயிப் பாக்கணும்."

இதைத்தான் உங்களுக்கு எழுத வந்தேன். அடுத்த வகுப்பில் உட்காரப்போகிறவர்கள் நீங்கள். ஆடு வரும். போதனாசிரியர் கத்திக் காட்டுவார், பக்கத்தில் இருப்பவன் உங்கள் தொடையில் தட்டிச் சிரிப்பான். அப்போது கையைத் தூக்கி, அது யாருடைய ஆடு, அவரிடம் விசாரித்தீர்களா என்று கேளுங்கள். உன் சொந்தக்காரியா என்று கேட்பார், ஆமாம் என்று சொல்லுங்கள். விளக்கம் கேட்டு உங்களுக்குக் கடிதம் வந்தால் அதை எடுத்துக்கொண்டு பதுளைக்கு வாருங்கள். என் மாத்திரைகள் இன்னும் தீரவில்லை, உங்களுக்காகவும் வந்து நிற்கிறேன்.